கனோலோ அனுப்பவில்லை, ஓடுகளை அனுப்புகிறேன்

பலேர்மோ
செவ்வாய், பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்ட கனோலோவை, பொரித்த மாக்குழல் ஓட்டுக்குள் ரிக்கோட்டா என்ற மென்மையான பால்கட்டியை அடைக்கும் இந்த ஊர்ப் பலகாரத்தை, அனுப்பவில்லை. கோபிக்காதே. வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்கு, உன் டோர்ட்முண்டுக்கு வருகிற நம் மேல்மாடி அண்ணாவின் பெட்டியில் பன்னிரண்டு வெறும் ஓடுகளை வைத்துவிடுகிறேன். பழைய பிஸ்கட் தகரத்தில், ஒன்றோடொன்று முட்டாதபடி கடதாசியைக் கசக்கி இடையிடையே செருகி, அம்மா அடுக்கியிருக்கிறாள். உள்ளே வைக்கும் ரிக்கோட்டாவை நீ அங்கேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஏன் என்று விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் "சரி அப்பா" என்று நீ பேச்சை முடித்துவிடுவாய் என்பதால் அதையும் இதிலேயே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பியானா தெலி அல்பனேசிக்குப் போய் வந்தோம். அங்கே கனோலோவுக்கென்றே திருவிழா. நெத்தலிக்கு ஒன்று, கூனைப்பூவுக்கு ஒன்று என்று இந்தச் சிசிலித் தீவில் ஊருக்கு ஊர் ஒரு சாக்ரா, அதாவது உணவுத் திருவிழா, நடப்பது உனக்குத் தெரிந்ததுதான். பலேர்மோவிலிருந்து 24 கிலோமீட்டர். இவ்வளவு காலம் இங்கே இருந்தும் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. ஞாயிறு என்றால் வேலை, வேலை இல்லாவிட்டால் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கும் மலை. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் ஏறியதெல்லாம் நேற்றுப்போல இருக்கிறது.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கடல் பின்னால் மறைந்து, மலைகள் நெருங்கி, கீழே ஓர் ஏரி தெரிந்தது. 1920களில் அணை கட்டித் தேக்கிய நீர் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஊர் 700 மீட்டருக்கும் மேலே நிற்கிறது. மேய்ச்சல் நிலம் பச்சைப் பசேலென்று கிடந்தது. அந்தப் பச்சையை நினைவில் வைத்துக்கொள், காரணம் பிறகு சொல்கிறேன்.

இறங்கியதுமே கொழுப்பில் மா பொரியும் வாசம். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியுமே, பலகாரம் பொரிக்கிற இடத்தை விட்டு நகரமாட்டாள். ஒரு கொட்டகையின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றாள். கோதுமை மாவில் பன்றிக் கொழுப்பு, கொஞ்சம் சீனி, மர்சாலா வைன், சிறிது வினாகிரி. பிசைந்து ஆறவிட்டு, பப்படம்போல மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டி, ஒரு குழாயில் சுற்றுகிறார்கள். இப்போது உருக்குக் குழாய். முன்பு நாணல் தண்டு. நாணலுக்கு இவர்கள் வைத்த பெயர்தான் கன்னா, அதிலிருந்துதான் கனோலோ. விளிம்பு பிரியாமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு தடவி, கொதிக்கும் கொழுப்பில் விட்டால், ஓடு முழுக்கக் கொப்புளம் எழும்புகிறது. "புளிப்பும் வைனும் ஆவியாகிப் போகிற இடந்தான் கொப்புளம்" என்று யாரும் சொல்லாமலேயே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பொரித்த பெண் இவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இருவரும் கையாலேயே கதைத்துக்கொண்டார்கள்.

ரிக்கோட்டாவுக்கு வருகிறேன். செம்மறியாட்டுப் பாலில் சீஸ் எடுத்த பின் மிஞ்சுகிற தண்ணீரை மறுபடி சூடாக்கினால் மேலே திரண்டு வருவது அது. இரண்டாம் முறை காய்ச்சியது என்பதே அந்தப் பெயரின் பொருள். பசும்புல் இருக்கும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆட்டில் பால் உண்டு. கோடை வந்து புல் காய்ந்தால் பாலும் வற்றிவிடும். அதனால்தான் பச்சையைப் பார்த்துக்கொள் என்றேன். முன்பெல்லாம் கனோலோ, தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் கொண்டாட்டத்துப் பலகாரமாம். ஆண்டு முழுதும் கிடைக்கிற கடைப் பண்டமாகத்தான் நமக்கு அது அறிமுகம்.

நான் பார்த்துக்கொண்ட முதியவரின் வீட்டில் ஞாயிறு மதியம் கடதாசி சுற்றிய தட்டில் கனோலோ வரும். எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருப்பார். பாத்திரமெல்லாம் கழுவி முடித்துப் பின்னேரம் அதைக் கடித்தால், ஓடு நனைந்து தோல்போல இழுபடும். அது அப்படித்தான் இருக்கும் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பியானாவில் ஒரு கிழவி, நான் காசு கொடுத்த பிறகுதான் ஓட்டைக் கையிலெடுத்தார். இரு முனையிலும் ரிக்கோட்டாவை அடைத்து, கரண்டியால் வழித்து, சீனித்தூள் தூவி நீட்டினார். ஒரு சாண் நீளம் இருக்கும். கடித்தபோது உடைந்த சத்தம் என் காதுக்குள் கேட்டது மகளே. உள்ளே இருந்ததில் இனிப்பு அதிகமில்லை, பால் வாசம்தான் முன்னால் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று வாங்கினாள். இப்போது சொல், இதை நிரப்பி டோர்ட்முண்டுக்கு எப்படி அனுப்புவேன்?

அந்தக் கிழவியோடு ஒரு பேரன் இருந்தான். ஆறு வயது இருக்கும். அவனிடம் அவர் கதைத்தது இத்தாலி மொழி அல்ல, சிசிலி மொழியும் அல்ல. அவன் இத்தாலியில் பதில் சொன்னான். கிழவி காதில் விழாததுபோல ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடி இத்தாலியில் கேட்டான். மறுபடியும் துடைத்தார். மூன்றாவது முறை அவன் அவருடைய மொழியில் இரண்டு சொல் சொன்னான். உடனே ஓர் ஓட்டுக்குள் ரிக்கோட்டாவை நிரப்பி அவன் கையில் கொடுத்து, தலையை இழுத்து முத்தமிட்டார். திட்டவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை.

என்ன மொழி என்று கேட்டேன். ஆர்பரெஷ். துருக்கியர் படையெடுப்புக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனியர்களின் மொழி. அவர்களுடைய தலைவர் ஸ்கந்தர்பெக் 1468-இல் இறந்த பிறகு கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். 1488-இல் மொன்ரியாலே பேராயரிடம் நிலம் பெற்று இந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள். தெருப்பெயர்கள் இன்றும் இரண்டு மொழியிலும் இருக்கின்றன. சான் தெமெத்ரியோ கோயிலுக்குள் போனோம். போப்பாண்டவருக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்கர்தான், ஆனால் வழிபாடு கிழக்கத்திய முறை. பீடத்தை மறைத்து மரத்தட்டி, அதில் வரிசையாகத் திருவுருவப் படங்கள். அம்மா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கிரேக்க முறையில் வழிபட்டதால் மற்றவர்கள் இவர்களைக் கிரேக்கர் என்றே அழைத்தார்களாம். 1941 வரை ஊருக்கே பெயர் 'கிரேக்கரின் பியானா'. அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. இங்கே தமிழரான நம்மையும் சிங்களேசி, அதாவது சிங்களவர், என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் பத்து ஆண்டுகள் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கிழவி என்னிடம் நம் மொழியில் சொல் கேட்டார். ரொட்டிக்கு என்ன சொல்வீர்கள் என்றார். பாண் என்றேன். "அது எங்கள் இத்தாலிப் பானே அல்லவா, இங்கே வந்து பழகியதா?" என்று சிரித்தார். இல்லை, போர்த்துக்கேயர் எங்கள் தீவில் விட்டுப்போன சொல், என் பாட்டனும் பாண் என்றுதான் சொன்னார் என்று விளக்கினேன். அவர்கள் மொழியில் ரொட்டி 'புக்க'. தண்ணீர் 'உய'. தண்ணீர் என்று அவர் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் முறை சரியாக வந்தது.

சிறுபான்மை மொழிகளைக் காக்க இத்தாலி சட்டம் இயற்றியது 1999-இல். அதற்குள் இவர்கள் வந்து ஐந்நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. அத்தனை காலமும் வீடும் கோயிலும்தான் அந்த மொழியை வைத்திருந்திருக்கின்றன. இதை நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

பஸ் என்றதும் உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. உனக்கு ஏழு வயது. பஸ்ஸில் நீ உரத்த குரலில் தமிழில் ஏதோ கேட்டாய், கப்பல்களைப் பற்றியது. நான் உன் கையை அழுத்தி, மெதுவாக, இத்தாலியில் கதை என்றேன். அப்போது நம் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்ற பயம். நீ உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாய். அதற்குப் பிறகு வெளியே எங்கு போனாலும் என்னோடு இத்தாலியில்தான் கதைத்தாய். நீ நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டாய். நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை ஆண்டுகளில் உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பேரனுக்கு, உன் மகனுக்கு, ஜெர்மனும் இத்தாலியும் போதும், மூன்றாவது மொழி குழப்பும் என்று தைப்பொங்கலன்று சொன்னாய். உன் களைப்பு எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து வந்து பிள்ளையோடு ஒரு சொல் கூடுதலாகக் கதைக்கவும் தெம்பு இருக்காது. ஆனால் கிழவியின் பேரன் கனோலோவைத் தின்றுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு பந்து விளையாடப் போனான். அங்கே சிசிலி மொழியில் கத்தினான். பாட்டியிடம் ஒன்று, பள்ளிக்கு ஒன்று, பந்துக்கு ஒன்று. அவன் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. உன்னால் முடியாவிட்டால் அந்த வேலையை எனக்குக் கொடு. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது.

செய்முறை இதுதான். செம்மறி ரிக்கோட்டா கிடைக்காவிட்டால் துருக்கிக் கடையில் லோர் என்று கேள், அதுவும் அதே வகைதான். உப்பில்லாததாகப் பார்த்து வாங்கு. அரைக் கிலோவை வடிதட்டில் போட்டு இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வடியவிடு. 150 கிராம் சீனி சேர்த்துச் சிறிது நேரம் வைத்து, அரிதட்டில் தேய்த்து எடு. ஓடுகளைத் தகரத்திலிருந்து முன்கூட்டியே எடுக்காதே. பிள்ளை மேசையில் வந்து உட்கார்ந்த பிறகு நிரப்பு.

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு அழைப்பேன். தொலைபேசியை அவன் கையிலேயே கொடுத்துவிடு. நான் சொல்வது அவனுக்கு விளங்காவிட்டாலும் நீ நடுவில் மொழிபெயர்க்காதே.

அன்புடன்,
அப்பா