மினுக்கும் விளக்கும் தடைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் ஒரு டியூப்லைட் பழுதாகி மினுக்கிக்கொண்டிருந்தால் பலருக்கு அது கண்ணில்கூடப் படாது. ஒற்றைத் தலைவலிக்காரருக்கும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அப்படியில்லை. என் மகன் அங்கே காதைப் பொத்திக்கொண்டு அழுவான். டியூப்லைட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கின் ரீங்காரமே அவனால் தாங்க முடியாத சத்தம். பார்ப்பவர்கள் அடம் என்கிறார்கள். அடம் இல்லை, வலி.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சம் தொடும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. சோக்கும் அதே கணக்கில் அதிர்ந்து முனகுகிறது. சரி, எல்இடி மாட்டினால் தீர்ந்ததா? உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் டிரைவர் மட்டமானதாக இருந்தால் அதுவும் மினுக்கும். கைபேசி கேமராவைக் காட்டினால் பெரும்பாலும் திரையில் பட்டை பட்டையாக ஓடும். வாங்குமுன் இதையாவது பார்க்கலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சாய்தளம் கட்டுகிறோம், நல்லது. அப்புறம் விளக்கையும் சத்தத்தையும் ஏன் விட்டுவிடுகிறோம்? பழுதான விளக்கை அன்றே மாற்றுங்கள். டோக்கன் எண் அழைக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறையுங்கள். டிவி இல்லாத ஒரு மூலையையாவது ஒதுக்கிக் கொடுங்கள்.

– ஒரு தாய், மதுரை