படிவம் 6ஏ மூன்று முறை போட்டும் பெயர் சேரவில்லை: வெளிநாடு வாழ் வாக்காளரின் கோரிக்கை மனு

அனுப்புநர்: மஸ்கட், ரூவியில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் உங்கள் தொகுதிக்காரன் (பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் விண்ணப்பத்தில் உள்ளன)

பெறுநர்: வாக்காளர் பதிவு அலுவலர் அவர்கள்

பொருள்: வெளிநாடு வாழ் வாக்காளராக என் பெயரைச் சேர்க்கவும், தபால் வாக்குக்கான என் கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பவும் வேண்டுதல்.

பார்வை: இணையத்தில் போட்ட இரண்டு விண்ணப்பங்கள், பதிவுத் தபாலில் அனுப்பிய ஒன்று, அப்புறம் இரண்டு நினைவூட்டல் மனுக்கள். எதற்கும் ஒழுங்கான பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கண்மாய்க்கரைக்குப் போகும் வழியில் ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு எங்களுடையது. போன மழைக்குத் தண்ணீர் ஏறியபோது நீங்களே பார்வையிட வந்த சந்துதான் அது, அதனால் வழி சொல்ல வேண்டியதில்லை.

1. நான் மஸ்கட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்தியப் பாஸ்போர்ட்தான், வேறு நாட்டுக் குடியுரிமை எதுவும் வாங்கவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ போடட்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, சட்டம் அப்படித்தான் இருக்கிறது, போட்டேன். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கம், முகவரிப் பக்கம், விசா எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு இணைத்தேன்.

2. முதல் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. காரணம் "விண்ணப்பதாரர் முகவரியில் வசிக்கவில்லை". இரண்டாவதற்கும் அதே வரிதான். ஐயா, முகவரியில் வசித்தால் நான் ஏன் 6ஏ போடப் போகிறேன்? வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போய், ஊரில் இல்லாதவர்களுக்காகத்தானே 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ என்ற பிரிவையே 2010இல் சேர்த்தார்கள்? ஊரில் இல்லை என்பதையே காரணமாக எழுதினால் அந்தப் படிவத்தை இந்த உலகத்தில் யாரால்தான் நிரப்ப முடியும்?

3. இனி அம்மாவைப் பற்றி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். விண்ணப்பம் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து, பாஸ்போர்ட் நகலைக் காட்டி, உறவினர் ஒருவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும், உறவினர் கிடைக்காவிட்டால் இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. எங்கள் பகுதிக்கு வரும் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அங்கன்வாடி வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறார், ஆனால் உறுதிமொழி வாங்க யாருமே வரவில்லை. அதற்குப் பதில் அம்மாவைத்தான் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. காலை மினி பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். உங்கள் அலுவலகத்தில் தேர்தல் பிரிவு மாடியில் இருக்கிறது, அந்தப் படிக்கட்டில் ஒரு பக்கம் கைப்பிடி பெயர்ந்து கிடப்பதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். அம்மா நகல்களை மஞ்சப்பையில் போட்டு, நனையாமல் இருக்கப் பாலித்தீன் கவரில் சுற்றி, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார். முதல் தடவை, சார் கேம்ப் போயிருக்கிறார். இரண்டாவது தடவை, சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவை அங்கே இருந்த ஒருவர், "வெளிநாட்டில் சம்பாதிக்கிறவனுக்கு இங்கே ஓட்டு எதுக்கும்மா, வீட்டுக்குப் போங்க" என்று சொன்னாராம். அன்று ராத்திரி போனில் அம்மா, "விடுப்பா, நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். என் அம்மா ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா.

ஓட்டு எதுக்கு என்று கேட்டவருக்கும் சொல்கிறேன். என் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள், என் வீட்டுக்கு அந்த ஊர்க் குழாயில்தான் தண்ணீர் வர வேண்டும்.

4. பெயர் சேர்ந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டுகிறோம். வெளிநாடு வாழ் வாக்காளர் அசல் பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும், தபால் வாக்கு கிடையாது. எனக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் கம்பெனி சொல்லும் மாதத்தில். 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தலுக்கு நம் ஊரில் ஓட்டுப் போட்ட நாள், வெள்ளிக்கிழமை, எனக்கு வார விடுமுறை. அந்த வாரம் ஓமானில் பெருவெள்ளம், ரூமைவிட்டு எங்கும் நகர முடியவில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொருவராக மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 87 வயது அப்பத்தாவுக்கு, வீட்டிலிருந்தே ஓட்டுப் போடக் கேட்கும் 12டி படிவம் கொடுத்திருந்ததால் வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் அட்டையை மறைப்பாக வைத்து ஓட்டு வாங்கிப் போயிருந்தார்கள். அதற்கு உங்கள் அலுவலகத்துக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன். எங்கள் தெருவில் ராணுவத்தில் இருக்கும் தம்பிக்கு வாக்குச்சீட்டு இணையத்தில் வருகிறது, ஓடிபி போட்டு இறக்கி, அச்செடுத்து, குறியிட்டுத் தபாலில் அனுப்புகிறான். இதே மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்க்கும் அதிகாரிக்கும் அந்த வசதி உண்டு. அவருக்கு இணையத்தில் வரும் சீட்டு எனக்கு வரக் கூடாதா? தேர்தல் ஆணையமே 2020 நவம்பரில் எங்களுக்கும் இதை விரிவுபடுத்தத் தயார் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. அதற்கு முன் 2018இல் பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது. இது உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனால் என் கோரிக்கையைத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஒரு குறிப்போடு அனுப்புவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

5. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டால் பெயர் சேர்க்க முடியாது. அது எனக்கு நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டியதில்லை.

6. தயவுசெய்து சேருங்கள்.

ஐயா, கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். மூன்றாவது விண்ணப்பம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அக்காவை ஒரே ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவிடம் உறுதிமொழி வாங்கி, பட்டியலின் கடைசியில் வெளிநாடு வாழ் வாக்காளர் பகுதியில் என் பெயரைச் சேர்க்க உத்தரவிடுங்கள். முடியாது என்றால் என்ன சட்டப்படி முடியாது என்று எழுத்தில் கொடுங்கள், மேல்முறையீடு செய்துகொள்கிறேன்.

இந்த மனுவின் அச்சுப் பிரதியோடு அம்மா வரும் வியாழக்கிழமை காலை மினி பஸ்ஸில் வருவார். அவரை மாடி ஏறவிடாமல் கீழேயே வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுத்து அனுப்பும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்,
மஸ்கட்டிலிருந்து