க்வெட்லின்பர்குக்குப் போய்விட்டு வா

அன்புள்ள தங்கச்சிக்கு,

செமஸ்டர் லீவுக்கு ப்ராக், பாரிஸ் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் நல்ல ஊர்கள்தான், போ. ஆனால் அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, நீ இருக்கும் ஜெர்மனியிலேயே உள்ள க்வெட்லின்பர்குக்குப் போய்விட்டு வா. மாக்டபர்கில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும், உன் ஸ்டூடண்ட் டிக்கெட்டே செல்லும். உன்னைப் பார்க்க வந்தபோது நான் போன ஊர்தான். அன்றைக்கு உனக்கு லேப் இருந்தது. ஃபோனில் பாதிதான் சொன்னேன்.

யாரைக் கேட்டாலும் அங்கே மரச்சட்ட வீடுகளைப் பார் என்பார்கள். சுமார் 2,000 இருக்கின்றன, 1994இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். சந்தைச் சதுக்கத்தில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதே. வோர்ட்காஸே என்ற சந்தில் 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று இருக்கிறது, இப்போது மியூசியம். அதன் தூண்கள் தரையிலிருந்து கூரைவரை ஒரே மரம். குறுக்கு உத்தரத்தின் நுனி தூணைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நழுவாமலிருக்க ஆப்பு அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றத் தெருக்களுக்குப் போ, வித்தியாசம் உடனே தெரியும். பிற்காலத்து வீடுகளில் மாடிக்கு மாடி தனித்தனித் தூண், ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். உத்தரங்களில் விசிறி மாதிரிச் செதுக்கலும் கட்டிய வருடமும் இருக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன், கழுத்து வலித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நான் உன்னைப் போகச் சொல்வது அந்த ஊரில் இருக்கும் குன்றுக்காக. மேலே செர்வாடியுஸ் தேவாலயம். கிழக்கு ஃப்ராங்கிய நாட்டின் (ஜெர்மனிக்கு முன்னோடி) அரசன் முதலாம் ஹைன்ரிஷை 936இல் அங்கேதான் புதைத்தார்கள். அவன் மனைவி மத்தில்டே கேட்டுக்கொண்டதால், அதே வருடம் மகன் ஓட்டோ அங்கே உயர்குலப் பெண்களுக்காக ஒரு மடம் நிறுவினான். முதல் தலைவி ஓட்டோவின் மகள், அவள் பெயரும் மத்தில்டேதான். 997இல் அவள் சகோதரன் மகன், பேரரசன் மூன்றாம் ஓட்டோ இத்தாலிக்குப் போனபோது, நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இந்த அத்தையிடம்தான் விட்டுவிட்டுப் போனான். மடத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது, புனித ரோமப் பேரரசின் சபையில் இடம் இருந்தது. 1803க்குள் மடம் கலைக்கப்படும்வரை, எண்ணூறு வருடத்துக்கும் மேலாகக் குன்றின் மேல் அதிகாரம் பெண்கள் கையில். ஜெர்மனி என்றதும் நமக்குச் சொல்லித்தந்த சரித்திரத்தில் இது எங்கே இருந்தது, சொல்?

அதே ஊரில் 1715இல் டோரோதேயா எர்க்ஸ்லேபன் பிறந்தாள். அப்பா டாக்டர், மகனோடு சேர்த்து மகளுக்கும் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர அரசரிடமிருந்து அனுமதியும் வந்தது. அப்புறம் ஐந்து பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தானும் நான்கு பெற்றாள். இதற்கு நடுவிலும் வைத்தியம் பார்த்தாள். உள்ளூர் டாக்டர்கள் போலி வைத்தியம் என்று புகார் கொடுத்தார்கள். அவள் பயந்து ஒதுங்கவில்லை. 1754இல் ஹாலேயில் தேர்வெழுதி டாக்டர் பட்டம் வாங்கினாள், ஜெர்மனியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். மற்றப் பெண்களுக்கு அந்தக் கதவு முறையாகத் திறக்க 1900ஐ ஒட்டிய வருடங்கள் வரை ஆனது. ஆண்கள் நிறைந்த லேபில் நீ ஒருத்தியாக உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாயே, அந்த இரவு எனக்கு இவள் ஞாபகம்தான்.

தேவாலயத்தின் கருவூலத்தையும் விட்டுவிடாதே. 1945இல் ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி இங்கிருந்த பழம்பொருள்களைத் திருடி, தபாலிலேயே டெக்ஸாசுக்கு அனுப்பிவிட்டான். அவன் இறந்தபின் வாரிசுகள் விற்கப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1993இல் பெரும்பாலானவை திரும்பி வந்தன.

நேரம் மிச்சமிருந்தால் ஸ்டேஷனிலிருந்து நீராவி ரயில் பிடித்து கெர்ன்ரோடே வரை போ. வண்டி எல்லா நேரத்திலும் கிடைக்காது, முதலிலேயே அட்டவணை பார்த்துக்கொள். தெருவெல்லாம் கல் பாவியது, அதனால் நல்ல ஷூ போட்டுக்கொள். போய் வந்ததும் ஃபோன் பண்ணு, மேலே போனாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா