சொந்த மொழியில் பாடினால் என்ன?

ஆசிரியருக்கு,

பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாடல் போட்டி பற்றிய தங்கள் கட்டுரை, ஆங்கிலத்தில் பாடும் நாடுகளுக்கே வாய்ப்பு அதிகம் என்கிறது. போர்ச்சுகலைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 1964இல் களமிறங்கிய அந்த நாட்டுக்கு முதல் வெற்றி 2017இல்தான் வந்தது. அதுவும் போர்த்துகீசியப் பாடலால்! தன் அக்கா லூயிசா எழுதியதைப் பாடகர் சால்வடோர் சோப்ரால் உக்ரைன் தலைநகர் கீவ் மேடையில் தனியாக நின்று பாடினார். நடனக் குழு, வாணவேடிக்கை எதுவும் இல்லை. கிடைத்த புள்ளிகள் 758. அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத எங்கள் வீட்டில் அதை யூடியூபில் மறுபடி மறுபடி கேட்டோம்.

சொந்த மொழிக் கட்டாயத்தை 1999இல் நீக்கியது சரிதான். ஆனாலும் ஒவ்வொரு நாட்டு ஒளிபரப்பு நிறுவனமும் போட்டிக்கு அனுப்பும் பாடலுக்கான தன் தேர்வுச் சுற்றின் இறுதியில் தாய்மொழிப் பாடல் ஒன்றுக்காவது இடம் ஒதுக்கலாம்.

ஒரு வாசகர், திருச்சி