காட்மியத்துக்கென்று தனி வாயில் இல்லை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகும் தாவர உடலியலை நீங்கள் விடாமல் படித்து வருவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. நானும் இப்போது உலோகங்களைப் பற்றியே படித்து வருவதால், காட்மியம் போன்ற நஞ்சைச் செல் ஏன் உள்ளே விடுகிறது என்ற உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாவரச் செல்லிலோ விலங்குச் செல்லிலோ காட்மியத்துக்கென்று தனி வாயில் இல்லை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றுக்காகச் சவ்வில் அமைந்த கடத்திப் புரதங்கள் அயனியின் மின்சுமையையும் அளவையும் கொண்டே அதை அடையாளம் காண்பதால், அவற்றை ஒத்த காட்மியமும் அவ்வழியே நுழைந்துவிடுகிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதும் இதனால்தான். ஆர்சனிக் நஞ்சின் ஒரு வடிவமான ஆர்சனேட்டும் இப்படித்தான், தன்னை ஒத்த பாஸ்பேட் என்னும் ஊட்டத்தின் வழியில் புகுகிறது.

எனவே காப்பு வேலை பெரும்பாலும் உள்ளேதான் நடக்கிறது. 1957இல் மார்கோஷஸ், வால்லீ என்னும் ஆய்வாளர்கள் இருவரும் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறிந்த மெட்டலோதயோனின் என்னும் சிறு புரதத்தில், அறுபதை ஒட்டிய அமினோ அமிலங்களில் 20 கந்தகம் கொண்ட சிஸ்டீன்களாகவே உள்ளன. அவற்றின் கந்தக அணுக்கள் 7 துத்தநாக அல்லது காட்மிய அயனிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. காட்மியம் மற்றப் புரதங்களிலிருந்து துத்தநாகத்தை வெளித்தள்ளும்போது, அப்படி விடுபட்ட துத்தநாகத்தை உணர்ந்தே செல் இப்புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுகிறது.

தாவரங்களின் முறை எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. அவை குளுட்டாதயோன் என்னும் கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஃபைட்டோகெலாட்டின் என்னும் சிறு சங்கிலிகளை ஆக்குகின்றன. இவற்றைக் கோக்கும் நொதி எப்போதும் தயாராக இருக்கிறது; உலோகம் வந்ததும் வேலையைத் தொடங்கி, உருவான சங்கிலிகள் உலோகத்தைப் பிணைத்து முடித்ததும் தானே அடங்கிவிடுகிறது. பிணைந்த காட்மியம் பிறகு செல்லின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் ஒதுக்கப்படுகிறது.

இருந்தாலும், இதை நஞ்சு நீக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதரச அயனியை ஆவியாகும் தனிமமாக மாற்றி வெளியேற்றும் பாக்டீரியங்கள் உண்டு. நம் உடலோ காட்மியத்தைக் கட்டிவைக்கிறது, அவ்வளவுதான். கல்லீரலில் மெட்டலோதயோனினோடு பிணைந்த காட்மியம் மெல்ல இரத்தத்துக்கு வந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, அங்குள்ள நுண்குழல் செல்களால் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. அங்கே புரதம் சிதைய, காட்மியம் மறுபடி விடுபடுகிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது உடலில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஆகும் காலம், பத்தாண்டுகளுக்கு மேல். பிணைக்கும் திறனை மீறிச் சேரும்போது நுண்குழல்கள் கெடுகின்றன. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில், காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு வந்த, எலும்புகளை நலிவித்துக் கடும் வலி தரும் இத்தாய் இத்தாய் நோய் அப்படிப்பட்டதே.

அதே நெல்லைப் பற்றி ஒரு நற்செய்தியும் உண்டு. அதன் வேரில் மாங்கனீசை உள்ளே கொண்டுவரும் ஒரு கடத்திப் புரதமே காட்மியத்துக்கும் முதன்மை வழி என்று 2012இல் தெரியவந்தது. அந்தப் புரதத்துக்கான மரபணு செயலிழந்த வகைகளின் மணியில் காட்மியம் மிகக் குறைவாகவே சேர்கிறது. மாங்கனீசு குறைந்த மண்ணில் அவை எப்படி விளையும் என்பதே என் கவலை. வேர் ஊட்டத்தில் நீண்ட அனுபவம் உள்ள நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்