கத்ரீனா கட்டுரையில் சிஸ்டர்களின் பள்ளிகள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்ரீனா புயலின் 20 ஆண்டு நிறைவையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது, கூரை மேல் ஏறி நின்ற மக்கள் எல்லாம் இருந்தது, சரி. ஆனால் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவள் என்பதால் அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அங்கே திருக்குடும்ப சிஸ்டர்கள் என்று ஒரு சபை இருக்கிறது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் சிறை என்று லூசியானாவில் சட்டம் இருந்த காலத்தில், 1842-ல், ஹென்றியட் டெலீல் என்ற கறுப்பினப் பெண்மணி தொடங்கிய சபை அது. அவர்களுடைய புனித மரியாள் பள்ளி 1867-லிருந்து கறுப்பினப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கரைகள் உடைந்ததில் இவர்களுடைய தலைமை மடம், பள்ளி, முதியோர் இல்லம் எல்லாவற்றிலும் வெள்ளம் புகுந்துவிட்டது, இல்லத்திலிருந்த முதியவர்கள் சிலர் இறந்தும் போனார்கள். வயதான சிஸ்டர்கள் உடுத்த துணியோடு வேறு ஊர்களுக்குப் போய் அடைக்கலம் தேடவேண்டியதாயிற்று.

வாரக்கணக்கில் நின்ற தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூடம் என்ன கதியில் இருக்கும் என்பதை உங்கள் வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சுவரெல்லாம் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை, பீரோவைத் திறந்தால் வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் கூழாகிக் கிடக்கும், ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பு முடித்தாளா இல்லையா என்று காட்ட ஒரு தாள் மிஞ்சாது, அந்தப் பெண்ணோ ஹூஸ்டனிலோ பேட்டன் ரூஜிலோ யாருடைய வீட்டிலோ இருப்பாள். தனியார் பள்ளி என்பதால் பெற்றோர் கட்டும் கட்டணத்தில்தான் சம்பளம், பெற்றோருக்கோ வேலையும் இல்லை, வீடும் இல்லை.

அந்த நிலையில் 2006 ஜனவரியில் அவர்கள் செய்த காரியம்தான் என்னை அசத்தியது. புனித மரியாள் பள்ளி, ஆண்பிள்ளைகள் படிக்கும் புனித அகஸ்டின் பள்ளி, புனித கேத்தரின் ட்ரெக்செல் தொடங்கிய சபையின் சேவியர் பள்ளி, மூன்றும் சேர்ந்து 'மேக்ஸ்' என்ற பெயரில் ஒரே பள்ளியாகத் திறந்தன. ஆற்றை ஒட்டிய மேட்டுப் பகுதியில் இருந்ததால் சேவியர் பள்ளிக் கட்டடத்தில்தான் எல்லோருக்கும் வகுப்பு. தன் பள்ளி, தன் கொடி, தன் பழைய மாணவிகள் என்று ஒவ்வொரு மடத்துப் பள்ளிக்கும் எவ்வளவு பெருமை உண்டு என்பது அதில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வருடம் வீணாகக்கூடாது என்று முடிவெடுப்பது லேசான விஷயமே இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். இடம்பெயர்ந்த மாணவர் ஒருவருக்கு 6,000 டாலர் வரை, தனியார் பள்ளியில் படித்தாலும், கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2005 டிசம்பரிலேயே ஏற்பாடு செய்தது. ஆனால் அதே நகரத்தில் பொதுப் பள்ளிகளின் ஊழியர்கள் 7,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள், அதுவும் மறக்கக்கூடாத அநியாயம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சேவியர் பள்ளியை மூடப்போவதாக அந்தச் சபையே 2013-ல் அறிவித்தது, பழைய மாணவிகள் விடாமல் வேறு பெயரில் தாங்களே ஏற்று நடத்தினார்கள். அப்புறம் அதே நகரத்தின் மிராபோ அவென்யூவில் புனித யோசேப்பு சபை சிஸ்டர்களின் மடம் அந்த 2005 வெள்ளத்தில் கெட்டு, மறு வருடம் இடி விழுந்து எரிந்தும் போனது. அந்த 25 ஏக்கரை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். மழைநீரைத் தேக்கி அக்கம்பக்கத்து வீடுகளைக் காப்பாற்றவும், தண்ணீரைப் பற்றி மக்கள் கற்றுக்கொள்ளவும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு டாலர் குத்தகைக்கு நகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள்.

இதற்கென்று தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், ஆசிரியரே. 'மேக்ஸ்' பள்ளியில் அந்த வருடம் படித்த பெண்கள் இன்று முப்பதுகளில் இருப்பார்கள், அவர்களில் நாலு பேரிடமாவது பேசி எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்