பின்பக்கம் இரண்டு இன்ச் தூக்கி வைக்கச் சொல்பவர்களுக்கு

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின் லாரி எடுத்த ஓனர்கள் நம் கிருஷ்ணகிரி பட்டறைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "பின்பக்கம் ரெண்டு இன்ச் தூக்கி வெச்சுக் குடுங்க" என்பதைத்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சேஸின் இரண்டு பக்கமும் பேட்டரி தொங்குகிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றப் போனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. ஜெகதேவி பக்கம் கிரானைட் குவாரிக்குள் இறங்கினால் பாதையே கல்தான். கடன் வாங்கி எடுத்த வண்டியின் பேட்டரி அடிவாங்கிவிடுமோ என்று பயப்படாத ஓனர் யார்?

இருந்தாலும் கம்பெனி சொன்ன உயரத்துக்கு மேல் நாங்கள் வைத்துத் தருவதில்லை. "முடியாது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புவது உங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதனால்தான் காரணத்தை விளக்கி இந்த மடல்.

2025 ஜூலையில் மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் கீழ் மின் லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை அறிவித்ததிலிருந்து, பழைய வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு மின் லாரி எடுக்கலாமா என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். புதிதாக எடுக்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பேட்டரி விஷயம். நம் பட்டறைக்கு இதற்காக வரும் வண்டிகள் பலவற்றில் முன்னால் கமான் பட்டை (வளைந்த இரும்புப் பட்டை ஸ்பிரிங்), பின்னால் மட்டும் ஏர் பெல்லோ, அதாவது பாரத்தைத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பை. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் முன் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். சேஸ் முன்னோக்கிச் சாயும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 12 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பெட்டியின் முன் மூலை முன் அச்சிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. பின்னால் இரண்டு இன்ச் ஏற்றினால் அந்த மூலைக்குக் கிடைப்பது அரை இன்ச்தான். வேகத்தடையில் முதலில் தட்டும் இடமே அதுதான். அந்த அரை இன்ச்சுக்காக வண்டி என்னென்ன இழக்கிறது என்று பாருங்கள்.

சேஸ் முன்னால் சாய்ந்தால் ஸ்டியரிங்கின் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணியின் பின்சாய்வு) குறைகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி நேராக ஓடாமல் அலைபாயும், டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் கீழே விழுந்து தூரம் தெரியாது. டிராக்டர் டிரெய்லராக இருந்தால் டிரெய்லரை மாட்டும் தட்டான ஃபிஃப்த் வீலும் மேலே போய், டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

பெரிய சேதம் மோட்டாரின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில். மோட்டார் பக்கம் ஒரு கிராஸ் (வளைந்து சுழலும் மூட்டு), பின் அச்சின் ஹவுசிங் பக்கம் ஒரு கிராஸ். இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒரு கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டும். உயரம் மாறினால் அந்தச் சமன் கெடுகிறது. ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறைகிறது. டீசல் வண்டியில் இது அதிர்வாகத் தெரியும், மெல்ல கிராஸ் தேயும். மின் லாரியில் சீக்கிரமே தேயும். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைக் கொடுக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் ரீஜென் (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பிவிடுவது) வந்து, அதே ஷாஃப்டை எதிர்த்திசையில் முறுக்குகிறது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் அதற்கு ஓய்வே கிடையாது. அச்சிலேயே மோட்டார் வைத்த மாடல்களில் ஷாஃப்ட் இல்லை. ஆனால் அங்கே அச்சு வரைக்கும் போகும் ஆரஞ்சு நிற ஹைவோல்டேஜ் கேபிள் இருக்கிறது, பிரேக் ஹோஸ் இருக்கிறது. அவற்றுக்கு விட்டிருக்கும் தளர்வு, கம்பெனி சொன்ன உயரத்துக்குக் கணக்குப் பண்ணியது.

ஷாக் அப்சார்பரையும் சொல்லிவிடுகிறோம். பெல்லோ ஏற்கெனவே மேலே நின்றால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு அடிக்கும். அதை மாட்டும் வளையமான கண் பிய்ந்தோ, பிராக்கெட் விரிந்தோ போகும்.

"அப்போ பாரம் ஏத்தினா பின்னாடி உட்காராதா?" என்று கேட்பவர்களுக்கு: கமான் பட்டையில் பழகிய கைக்கு இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அங்கே பாரம் ஏற ஏறப் பட்டை வளையும், வண்டி உட்காரும், அதனால் எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்போம். ஏர் சஸ்பென்ஷனில் சேஸுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு லெவலிங் வால்வு உட்கார்ந்திருக்கிறது. அதன் கையிலிருந்து ஒரு ராடு அச்சுக்குப் போகிறது. பாரம் ஏறிச் சேஸ் இறங்கினால் கை மேலே தள்ளப்பட்டு, வால்வு பெல்லோவுக்குள் காற்று விடும். பழைய உயரம் வந்ததும் நிறுத்திவிடும். பாரம் இறக்கினால் அதுவே காற்றை வெளியே விடும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு மட்டத்தைப் பார்த்துக்கொள்வது போலத்தான். பாரத்துக்குத் தக்கபடி மாறுவது உள்ளே இருக்கும் அழுத்தம். உயரம் அப்படியே நிற்கும். ஆகவே உயரத்தைக் கூட்டினால் வண்டி ஒரு கிலோகூட அதிகம் தாங்காது.

இதனால் ஓவர்லோடு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. பட்டை வண்டி உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவருக்கே தெரியும். ஏர் வண்டி எவ்வளவு ஏற்றினாலும் நிமிர்ந்து நிற்கும். 2018 மாற்றத்துக்குப் பிறகு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 11.5 டன், எட்டு டயர் கொண்ட இரட்டை அச்சுக்கு 21 டன் என்பதே பொதுவான எல்லை. டேஷ்போர்டில் அச்சுப் பாரம் காட்டும் வண்டியாக இருந்தால் அதைப் பார்த்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் எடை மேடைக்குப் போங்கள். மாம்பழ சீசனில் கூழ் ஆலை வாசலில் வரிசை நீளும்போது இன்னும் நான்கு கூடை ஏற்றத்தான் தோன்றும். ஏற்ற வேண்டாம்.

பெல்லோ அழுத்தத்தை வைத்துத்தான் பல வண்டிகளில் பின் பிரேக்கின் பலமே தீர்மானமாகிறது. லோடு சென்ஸிங் வால்வு அந்த அழுத்தத்தைப் பார்த்துப் பாரம் எவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறது. உயரம் கூட்டுகிறேன், காற்றைப் பூட்டுகிறேன் என்று பெல்லோ லைனில் யாராவது தனியாக ஒரு கேட் வால்வு சேர்த்தால், பிரேக்குக்குப் பொய்க் கணக்கு போகும். தொப்பூர் கணவாயில் இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டு இல்லை. இன்னொன்று: தருமபுரியில் முழு சார்ஜ் ஏற்றிய கையோடு தொப்பூர் இறங்கினால், பேட்டரியில் வாங்க இடமில்லாமல் ரீஜென் குறைந்துவிடும், இறக்கத்தின் பளு அத்தனையும் சக்கர பிரேக்கின் மேல்தான் விழும். சேலம் பக்கம் போகிறவர்கள் தருமபுரியிலேயே சார்ஜைக் கொஞ்சம் குறைவாக நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, நாங்கள் என்ன செய்து தருகிறோம்?

உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொன்ன உயரம் எதுவோ, அதை மில்லிமீட்டர் கணக்கில் வைத்துத் தருவோம். அச்சின் நடுவிலிருந்து சேஸின் அடிவிளிம்பு வரை, இரண்டு பக்கமும் அளப்போம். டயரிலிருந்து மட்கார்டு வரை நான்கு விரல் வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது, டயர் தேய்ந்தாலே அது மாறிவிடும். வண்டி சமதரையில், டயரில் சரியான காற்றோடு, ஏர் டேங்க் கட்-ஆஃப் வரை (கம்ப்ரஸர் தானாக நிற்கும் அழுத்தம் வரை) நிறைந்து நிற்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுவோம். டிரைவர்கள் இதைப் பார்த்துப் பதறுவது உண்டு. காரணம் இருக்கிறது: பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் உருள முடியாது, அச்சைச் சேஸோடு பிடித்திருக்கும் கைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும், எடுக்கும் அளவு பொய்யாக இருக்கும். பிறகு பெல்லோவிலிருந்து காற்றை முழுக்க இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வந்து நிறுத்துவோம். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ஒரு அளவு, கீழிருந்து ஏற்றினால் ஒரு அளவு வரும்; எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்தால்தான் நம்பலாம். உயரம் சரியானதும் வால்வின் நடுநிலைத் துளையில் ஒரு ஊசியைச் செருகி, ராடின் நீளத்தைச் சரிசெய்து பூட்டி, ஒரு சுற்று ஓட்டி வந்து மறுபடியும் அளப்போம். ராடை வளைத்து உயரம் வைக்கும் வேலை இங்கே நடக்காது.

ஈகாஸ் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஏர் சஸ்பென்ஷன்) வண்டிகளில் லெவலிங் வால்வுக்குப் பதில் உயரம் பார்க்கும் சென்சார். அதில் லேப்டாப் போட்டு, ஓட்டும் உயரம், மேல் எல்லை, கீழ் எல்லை மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். சென்சார் ராடைக் கழற்றி வேறு துளையில் மாட்டி ஏமாற்றினால் கம்ப்யூட்டருக்கு உண்மையான உயரமே தெரியாமல் போகும்.

குவாரிப் பாதைக்கும் உயரமான வேகத்தடைக்கும் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. உங்கள் வண்டியில் ஏற்றி இறக்கும் சுவிட்சோ ரிமோட்டோ இருந்தால், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மெதுவாகப் போகும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் வேகம் எடுத்ததும் தானாகவே பழைய உயரத்துக்கு வந்துவிடும். வராத வண்டியில் டிரைவர்தான் மறக்காமல் இறக்க வேண்டும். வேகத்தடையை நேராக, ஊர்ந்து கடந்தால் பேட்டரி மூலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, இரண்டு இன்ச் தூக்குவதால் கிடைப்பதைவிட அதிகம். உயரத்தை நிரந்தரமாக மாற்றிய வண்டிக்கு வாரண்டி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்பதையும் யோசியுங்கள். ஊக்கத்தொகைத் திட்டத்தில் வரும் வண்டிக்குக் கம்பெனி பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தந்தாக வேண்டும். அதை இழக்கும் அளவுக்கு அரை இன்ச்சில் ஒன்றும் இல்லை.

காற்றுக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். டீசல் வண்டியில் என்ஜின் ஓடும்வரை கம்ப்ரஸரும் ஓடும், சின்னக் கசிவு தெரியாது. மின் லாரியில் கம்ப்ரஸரைத் தனி மோட்டார் ஓட்டுகிறது, அதற்கு மின்சாரம் உங்கள் பேட்டரியிலிருந்துதான் போகிறது. கசிந்தால் அது அடிக்கடி ஓடும், ஓடக்கூடிய தூரம் குறையும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பெல்லோவிலோ ஃபிட்டிங்கிலோ சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், கசியும் இடத்தில் குமிழ் விடும். குவாரி வண்டிகளில் பெல்லோவின் மடிப்புக்கும் கீழே உள்ள பிஸ்டனுக்கும் நடுவே கிரானைட் சில்லு சிக்கி, வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பரை அறுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் அடிக்கும்போது அந்த மடிப்பைப் பார்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றுங்கள்.

டிரைவர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பெல்லோ மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். காற்று போனால் சேஸ் அப்படியே இறங்கும், நகர நேரம் கிடைக்காது. ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் நம் ஆட்களே உள்ளே போவார்கள். ஆரஞ்சு கேபிளுக்குப் பக்கத்தில் வேலை என்றால் ஹைவோல்டேஜ் இணைப்பை முறைப்படி துண்டித்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே ஸ்பானர் எடுப்போம். அதனால் வேலை கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

உயரம் பார்க்க வரும்போது வண்டியைக் காலியாகக் கொண்டுவாருங்கள், கம்பெனி கொடுத்த கையேட்டையும் எடுத்து வாருங்கள். அதற்கு முன்பு, சமதரையில் நிறுத்தி பின் அச்சின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால், லெவலிங் வால்வா ஈகாஸா என்று பார்த்து, எந்த நாள் வரலாம் என்று சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையார்
கிருஷ்ணகிரி